சாய்ந்த கிரணம்

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வடாம் இடுகின்ற பெண்மணி, பழம் புடவையைத் தரையோடு தரையாக விரித்து, நான்கு மூலையிலும் செங்கல்லை வைத்து, மாவைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே போகிறாள்; அதே பெண்மணி மார்கழியில், குழந்தை நனைத்துவிட்ட மெத்தையை உலர்த்த நேரும்போது, அதைத் தரையில் பரப்பாமல், வடபுறத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்துகிறாள். அட்சரேகை என்றும் கிராந்தி என்றும் வான சாஸ்திரிகள் வழங்கும் சொற்களை அவள் கேட்டிராள். ஆயினும் சித்திரைச் சூரியன் தலைக்கு மேலே வந்து நிற்பதும், மார்கழிச் சூரியன் நண்பகலில்கூடத் தெற்கே ஒதுங்கியே செல்வதும், வெயிலை வாங்கவேண்டிய பொருள் வெயிலுக்கு முகங்கொடுத்து நிற்கவேண்டும் என்பதும் அவள் கைக்குத் தெரிந்திருக்கின்றன. கடைவீதியில் சோலார் பேனல் என்று எல்லோரும் சொல்லுகின்ற சூரியப் பலகையைக் கூரையின்மீது எந்தச் சாய்வில் நிறுத்தவேண்டும் என்று இன்று கேட்கின்றவர்கள், உண்மையில் அந்த மெத்தையைப் பற்றியே கேட்கிறார்கள். விடையில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கும் நாம் அஞ்சுகிற அளவுக்குக் கடுமையானதன்று.

இரவில் மின்சாரம் நின்றுபோன ஒரு வேளையில், சுவருக்கு எதிரே எட்டத்தில் ஒரு விளக்கை வைத்து, சுவரை ஒட்டினாற்போல் ஒரு பனையோலை விசிறியைப் பிடித்துப் பாருங்கள். விசிறியின் முகம் விளக்கை நோக்கி இருக்கையில் சுவரில் முழு வட்டமாக நிழல் விழும். விசிறியை மெல்லத் திருப்பினால் வட்டம் ஒடுங்கி முட்டை வடிவமாகி, பிறகு கீற்றாகி, விசிறியின் விளிம்பு விளக்கை நோக்கிய அக்கணத்தில் வெறுங்கோடாகிவிடும். விசிறி ஓர் அங்குலமும் குறையவில்லை, குறைந்தது நிழலே. சுவரை அடையாமற்போன வெளிச்சம் யாவும் விசிறியின்மேல் விழுந்த வெளிச்சமேயாதலால், விசிறி எவ்வளவு ஒளியைப் பிடித்தது என்று அறிய விரும்புகிறவன் விசிறியைப் பார்க்கவேண்டியதில்லை, அதன் நிழலை அளந்தால் போதும். சூரியப் பலகையின் வரவும் அதன் நிழலேயாகும். சூரியனுக்குக் குறுக்கே எவ்வளவு பெரிய நிழலை அது வீழ்த்துகிறதோ அவ்வளவே அதற்குக் கிடைக்கும் கிரணம்.

ஜொஹான் ஹைன்ரிக் லாம்பர்ட் என்னும் அறிஞர் 1760ஆம் ஆண்டில் லத்தீன் மொழியில் வெளியிட்ட ‘போட்டோமெட்ரியா’ என்ற நூலில் இவ்விதியைக் கணித ரூபத்தில் அமைத்துக் காட்டினார். பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக ஒரு கம்பை நிறுத்தியதாகப் பாவித்துக்கொண்டால், அந்தக் கம்புக்கும் கிரணத்துக்கும் இடையேயுள்ள கோணத்தின் கொசைன் எவ்வளவோ அவ்வளவு பங்கு ஒளியே பலகைக்குச் சேரும். பள்ளிக்கூடத்தில் பலருக்குக் கசந்துபோன அந்தக் கொசைன், நம்முடைய பழைய கணித நூல்களில் கோடிஜ்யா என்ற பெயரில் வழங்கிவந்ததே. ஆகவே அயலூரான் வந்துவிட்டானே என்று மிரள வேண்டுவதில்லை.

இந்தக் கொசைனுடைய சுபாவம் சற்று நின்று கவனிக்கத் தக்கது. கிரணம் 10 பாகை விலகினால் நூற்றுக்கு ஒன்றரைதான் நஷ்டம். 20 பாகை விலகினால் 6. 30 பாகைக்குக்கூட 13ஐச் சற்றே தாண்டும். 45 பாகையில் 29 போய்விடுகிறது, 60 பாகையில் சரிபாதி. அதற்குமேல் சரிவு செங்குத்தாகிறது. 80 பாகையில் மிஞ்சுவது நூற்றுக்கு 17 மாத்திரமே. முதல் 20 பாகைக்கு 6 பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு நம்மைப் போகவிடுகின்ற அதே விதி, 60இலிருந்து 80 வரையிலான 20 பாகைக்கு 33 பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது. நேர்க்கோணத்துக்கு அருகில் இயற்கை மிகவும் தாராளமாக நடந்துகொள்கிறது என்னும் இச்சிறு உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், பலகை வாங்கியவர்களுடைய கவலைகளில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

இதைப் புத்தகத்தில் படிப்பதைக் காட்டிலும் கையால் செய்து பார்ப்பது உத்தமம். மின்பொருள் கடைகளில் உள்ளங்கை அகலத்தில் பத்துச் சூரியக் கலங்களைக் கோத்த சிறு பலகை கிடைக்கும். அதனோடு மல்டிமீட்டர் ஒன்றும் இருந்தால் மொட்டை மாடியே பரிசோதனைச் சாலையாகிவிடும். தெளிந்த வானத்தில், பலகையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும்போது முள்ளோ எண்ணோ 100 மில்லியாம்பியரைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 60 பாகை திருப்பினால் 50 காட்டவேண்டும் என்பது லாம்பர்ட்டின் தீர்ப்பு. கருவியோ பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் கூடவே காட்டும். பலகையை இன்னும் திருப்பி, விளிம்பைச் சூரியனுக்குக் காட்டினாலும் எண் பூஜ்யத்தைத் தொடுவதில்லை. விதி பொய்த்ததோ என்று திகைக்க வேண்டாம். சூரியவட்டத்திலிருந்து நேரே வரும் கிரணத்துக்கு மட்டுமே அவ்விதி பேசுகிறது. நீலவானம் முழுவதும் சிதறிக் கிடக்கும் ஒளியோ எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. மேகம் மூடிய ஐப்பசிப் பகலில் இச்சிதறிய ஒளியே மொத்த வரவுமாகிவிடுவதால், அன்றைக்குப் பலகையை எப்பக்கம் திருப்பினாலும் கருவி ஏறக்குறைய ஒரே எண்ணையே முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது மின்னோட்டத்தை விட்டு மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். பத்துக் கலமும் சேர்ந்து நேர் வெயிலில் 6 வோல்ட் காட்டும். 60 பாகை திருப்பியபின்னும் 5.8க்குக் கீழே எளிதில் இறங்காது. மின்னோட்டம் பாதியாகிவிட்டபோது மின்னழுத்தம் மட்டும் ஏன் இப்படி அசையாமல் நிற்கிறது? சிலிக்கனில் விழுகின்ற ஒவ்வோர் ஒளித்துகளும் தகுந்த வலிமை உடையதாயின் ஓர் எலெக்ட்ரானைக் கட்டிலிருந்து விடுவிக்கிறது. விடுபட்டவற்றின் தொகையே மின்னோட்டமாதலால், துகள்கள் பாதியானால் ஓட்டமும் பாதியாகிறது. மின்னழுத்தமோ அந்த எலெக்ட்ரான்கள் ஏறி நிற்கும் படியின் உயரம். அது சிலிக்கனின் இயல்பைப் பொறுத்ததேயன்றி, ஒளியின் அளவுக்கு மடக்கை விகிதத்தில், அதாவது மிகமிகச் சோம்பலாகவே, அசைந்து கொடுக்கிறது. ஒளி பாதியாகும்போது ஒரு கலம் இழப்பது சுமார் 18 மில்லிவோல்ட் மட்டும். ஆதலால், “வோல்ட் சரியாகத்தான் இருக்கிறது, பேனலில் குறையில்லை” என்று மீட்டரைக் காட்டிவிட்டு இறங்கிப்போகிற பணியாளர், அரைப்பட்டினி கிடப்பவனுடைய உயரத்தை அளந்து, சாப்பாடு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறவரையே ஒப்பர்.

கோணத்தின் தொல்லை நிழலோடு முடிவதில்லை. கலங்களின்மேல் கண்ணாடி இருக்கிறது. தெப்பக்குளத்தின் கீழ்ப்படியில் நின்றுகொண்டு காலடியில் குனிந்து பார்த்தால், நீருக்குள் பாசி படிந்த படிகளும் மீன்குஞ்சுகளும் தெரிகின்றன. தலையை நிமிர்த்தி எதிர்க்கரையைப் பார்த்தாலோ மீனையும் காணோம், படியையும் காணோம், கோபுரம் தலைகீழாக நிற்கிறது. ஒரே நீர், ஒரே வெயில். நேராக நோக்கும் பார்வைக்கு வாயிற்கதவைத் திறந்துவிடும் நீர்ப்பரப்பு, சாய்ந்து வருகிற பார்வைக்குக் கண்ணாடியாக மாறிக் கதவை அடைத்துக்கொள்கிறது. பிரான்ஸ் தேசத்து ஃப்ரெனெல் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கான சூத்திரங்களை வகுத்தார். வெறும் கண்ணாடியின் ஒரு முகத்தில் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு திரும்பிப் போகிறது. 50 பாகை வரையில் இது பெரிதாக மாறுவதில்லை. 60இல் 9 ஆகிறது, 70இல் 17, 80இல் 39. இங்கும் பாருங்கள், முதலில் தயை, கடைசியில் கொள்ளை! முன்னமே கொசைன் குறைத்துவிட்டதன்மேல் கண்ணாடியும் தன் பங்கைக் கேட்கிறதாகையால், உதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒட்டிய நேரத்தில் பலகைக்குச் சேர்வது அற்பமே.

கண்ணாடிக்கு அடியிலிருக்கும் சிலிக்கன் அதைவிடப் பெரிய ஊதாரி. மெருகிட்ட வெறும் சிலிக்கன் தன்மேல் விழுவதில் 30 சதவீதத்துக்கும் மேலானதை நேர்க்கிரணத்திலேயே திருப்பி அனுப்பிவிடும். இதைத் தடுக்க இரண்டு உபாயங்கள் செய்கிறார்கள். சிலிக்கன் நைட்ரைடு என்னும் பொருளை, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறைவிடவும் மெல்லியதாக, மேலே படியவைக்கிறார்கள். சூரியக் கலங்களுக்குள்ள நீலச் சாயல் அப்படலத்தின் நிறம்தான். மற்றோர் உபாயம் காரத்தினால் அரிப்பது. படிகம் தன் உள்ளமைப்புக்கு இணங்க அரிபட்டு, கண்ணுக்குப் புலனாகாத கோடானுகோடி கூம்புகளாக நிமிர்கிறது. ஒவ்வொரு கூம்பின் சரிவும் அடித்தளத்தோடு 54.7 பாகை. ஒரு கூம்பின் சரிவில் பட்டுத் தெறித்த கிரணம் ஆகாயத்துக்குத் தப்பிப் போகாமல் பக்கத்துக் கூம்பின்மேல் மோதுகிறது. ஒரு கதவில் திருப்பப்பட்டவன் அடுத்த கதவில் நுழைந்துவிடுகிறான்.

நுழைந்தபின் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. சமதளமான சிலிக்கனுக்குள் ஒளி மிக வலுவாக வளைகிறது. வெளியே 60 பாகை சாய்ந்து வந்த கிரணம், உள்ளே புகுந்ததும் ஏறத்தாழ 13 பாகைச் சாய்வே உடையதாக, அநேகமாகச் செங்குத்தாகவே இறங்குகிறது. அதாவது விடுபட்ட எலெக்ட்ரானுக்குத் தன்னை விடுவித்தது காலைக் கிரணமா நண்பகல் கிரணமா என்பது தெரியாது. சாய்வினால் வரும் நஷ்டம் அத்தனையும் வாசற்படியிலேயே நேர்ந்துவிடுகிறது. கலம் சாய்ந்த ஒளியை விரும்பாது என்று பேசுவோர் உண்டு. கலத்துக்கு அந்த விருப்பு வெறுப்பெல்லாம் இல்லை.

சாய்வு என்ற ஒரே சொல்லால் நாம் வேறொரு விஷயத்தையும் குறித்துக் குழம்பிவிடுகிறோம். சூரியன் தொடுவானத்தை நோக்கித் தாழும்போது, பலகையை எவ்வளவு நேராகத் திருப்பி வைத்தாலும், கிரணம் கடந்து வரவேண்டிய காற்றின் கனம் பெருகிவிடுகிறது. உச்சியிலிருந்து 60 பாகை இறங்கிய சூரியனுடைய கிரணம் இரு மடங்கு காற்றைத் துளைத்து வருகிறது. தொடுவானத்தில் நிற்கும் சூரியனுடையதோ சுமார் 38 மடங்கு. வழியில் நீலக்கூறு சிதறிப் போய்ச் சிவப்பே மிஞ்சுகிறது என்பதை ஒவ்வொரு மாலையும் காண்கிறோம். இந்த நஷ்டத்தைப் பலகையைத் திருப்பி மீட்க முடியாது. வாயுமண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் வீதம் வந்துசேரும் சக்தி, தெளிந்த நாளில் தரையை எட்டும்போது 1000 வாட் அளவுக்குக் குறைந்திருக்கும். பலகையின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கிறதே, அது அந்த 1000 வாட் ஒளி நேர்க்கோணத்தில் விழ, ஒன்றரை மடங்கு காற்றைக் கடந்த ஒளியின் நிறச்சேர்க்கையும் அமைய, கலத்தின் உஷ்ணநிலையும் 25 பாகையில் நிற்கும் ஒரு லட்சிய நிலைக்குரிய எண். நம்முடைய சித்திரை நண்பகலில் கலம் 60 பாகை செல்ஸியஸுக்குக் கொதிக்கும். ஒவ்வொரு பாகை உஷ்ணத்துக்கும் சிலிக்கன் சுமார் 0.4 சதவீதம் சோர்ந்துபோகிறதாதலால், அந்த உஷ்ணத்துக்கே 14 சதவீதம் பறிபோகிறது. கோணம் முற்றிலும் சரியாக இருக்கும் அந்த நேரத்தில், கோணத்தினால் ஏற்படும் எந்தச் சிறு தவறையும்விடப் பெரிய நஷ்டம் வெப்பத்தால் நேர்வது வேடிக்கைதான். பலகைக்கு அடியில் காற்றோட வழி விடுவது, சாய்வை ஐந்து பாகை திருத்துவதைவிட அதிகப் பயன் தரும்.

காற்றும் உஷ்ணமும் குறுக்கிடாத இடத்தில் கோணத்தின் ஆட்சி எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஆகாயத்துக்கே போகவேண்டும். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகுக்குக் காட்டிய சிலிக்கன் கலம், விழும் ஒளியில் 6 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. விலையோ யானை விலை. நான்கே ஆண்டுகளில், 1958 மார்ச் 17ஆம் தேதி, பம்பளிமாஸ் பழத்தின் பருமனே உடைய ‘வான்கார்ட் 1’ என்ற சிறு செயற்கைக்கோள் அந்தக் கலங்களைச் சுமந்துகொண்டு மேலே சென்றது. உருண்டுகொண்டே செல்லும் பந்துக்கு எது முகம், எது முதுகு? ஆகவே ஆறு இடங்களில் கலங்களைப் பதித்து, எப்படிப் புரண்டாலும் ஏதாவதொன்றாகிலும் சூரியனைப் பார்க்கும்படி செய்தார்கள். பாட்டரியை நம்பிய ஒலிபரப்பி சில மாதங்களில் ஓய்ந்துபோக, சூரியனை நம்பியது 1964 வரையில் பேசிக்கொண்டிருந்தது.

நம் தேசத்தின் முதற்கோளான ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று சென்றபோதும் அதே உபாயம்தான். 26 முகங்களை உடைய அந்தக் கோளின் உச்சியும் அடியும் நீங்கலாக மற்ற முகங்களிலெல்லாம் சூரியக் கலங்களை ஒட்டியிருந்தார்கள். அதன் பெயருக்கு உரிய ஆரியபடர் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் தொகுத்துவைத்த ஜ்யா அட்டவணையிலும் எண்கள் இருபத்துநான்கே. தற்செயல்தான், என்றாலும் நினைக்க இன்பமாக இருக்கிறது. மின்சார ஏற்பாட்டில் நேர்ந்த கோளாறினால் அக்கோளின் பரிசோதனைகள் சில நாட்களிலேயே நின்றுபோனது வேறு கதை. இங்கே நமக்கு வேண்டியது நிழல் கணக்கு. ஒரு பந்தின் மேற்பரப்பு, அது வீழ்த்தும் வட்ட நிழலைப்போல் சரியாக நான்கு மடங்கு. பந்து முழுவதும் கலங்களைப் போர்த்தினாலும், எக்கணத்திலும் நான்கில் ஒரு பங்குக் கலத்துக்குரிய ஒளியே கிடைக்கும். திரும்பத் தெரியாததற்குக் கொடுக்கும் விலை அது. பின்னாளில் கோள்கள் பறவையைப்போல் இறக்கைகளை விரித்து, அவற்றை இயந்திரத்தால் சூரியன் பக்கமாகத் திருப்பிக்கொண்டேயிருக்கக் கற்றன. மெர்க்குரி என்னும் புதனைச் சுற்றிய ‘மெஸஞ்ஜர்’ விண்கலமோ வெப்பத்துக்கு அஞ்சித் தன் பலகைகளை வேண்டுமென்றே சூரியனுக்குச் சாய்த்துப் பிடித்தது. கொசைனை அப்படிக் குடையாகவும் பயன்படுத்தலாம்.

இனிக் கூரைக்கு இறங்குவோம். சென்னை 13 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் ஆண்டுக்கொருமுறை தெற்கே 23.4 பாகை முதல் வடக்கே 23.4 பாகை வரையில் சென்று மீள்கிறது. ஆகவே மார்கழி தொடங்கும் வாரத்தின் நண்பகலில் சென்னைக்காரனுடைய உச்சியிலிருந்து சூரியன் 36.5 பாகை தெற்கே விலகி நிற்கும். ஏப்ரல் 24ஆம் தேதி வாக்கில் அது சரியாக உச்சியைத் தொட்டு, அன்று முதல் ஆகஸ்ட் 18 வரையில் நண்பகலில் வடக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஜூன் 21இல் 10 பாகைக்குச் சற்று மேல் வடக்கே. சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதாக நினைப்பவர்கள், நான்கு மாதங்களாக அது தமக்குப் பின்னால் நிற்பதை அறியாமலே ஆனி ஆடியைக் கழித்துவிடுகிறார்கள்.

தரையோடு படுத்திருக்கும் பலகைக்கு மார்கழி நண்பகலில் கொசைன் கணக்குப்படி 80 பங்கும், ஜூனில் 98 பங்கும் கிடைக்கும். அதையே 13 பாகை தெற்கே சாய்த்துவிட்டால் இரண்டு பருவத்திலும் 92 வீதம் சமமாகிவிடுகிறது. அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை சாய்க்கவேண்டும் என்று கைவேலைக்காரர்கள் சொல்லும் விதியின் நியாயம் இதுவே. கன்னியாகுமரியில் அது 8 பாகைதான். ஆயினும் 10 பாகைக்குக் குறையாமல் வைப்பதே நன்று, ஏனெனில் அதற்குக் கீழே மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடாமல் கீழ்ச்சட்டத்தோரம் தேங்கிச் சேறாக உலர்ந்துவிடும். மாறாக, அயல்நாட்டுக் கையேட்டைப் பார்த்து 35 பாகைக்குத் தூக்கி நிறுத்துவது வீண். பெர்லின் நகரத்தில் டிசம்பர் நண்பகற் சூரியன் தரையிலிருந்து 14 பாகை உயரமே ஏறுகிறது. படுத்த பலகைக்கு அங்கே 24 பங்குதான் சேரும். அவர்களுக்குச் சாய்வு பிழைப்பின் பிரச்சினை. நமக்கு அது புயற்காற்றுக்குப் பாய் விரித்துக்கொடுக்கிற வேலை.

எனக்குப் பழக்கமான ஒரு நண்பர், வங்கியில் அதிகாரியாயிருந்து ஓய்வு பெற்றவர், இரும்புச் சட்டத்தில் வரிசையாகத் துளையிட்டு, மாதந்தோறும் பலகைகளின் சாய்வை ஒவ்வொரு துளையாக மாற்றிக்கொண்டிருந்தார். தை மாதத்தில் ஒருநாள் வழியில் கண்டு, “மாசாமாசம் ஏத்தி இறக்கிண்டுதான் இருக்கேன் சார், யூனிட் மட்டும் ஏற மாட்டேங்கறது” என்று குறைப்பட்டார். மாலை மூன்று மணிக்கு அவர் வீட்டு மாடிக்குப் போனேன். போல்ட்டுகளுக்கு எண்ணெய் போட்டு, சட்டத்தில் மாதங்களின் பெயரைப் பெயிண்டினால் எழுதி, நண்பர் கோணத்தைக் கண்போலக் காத்திருந்தார். தென்மேற்கு மூலையில் நின்ற கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் நிழல், தன் உயரத்தைவிட நீளமாகப் படுத்து, இரண்டு பலகைகளின் கீழ்ப்பகுதியைத் தாழ்வாரம்போல் மூடியிருந்தது. “வெச்சப்போ நிழலே விழலியே!” என்றார். விழுந்திராது, பலகை வைத்தது ஆனி மாதம். ஆனியில் மாலைச் சூரியன் வடமேற்கே நிற்கும், தொட்டி நிழல் தென்கிழக்கே போய்விடும். தையில் சூரியன் தென்மேற்குக்கு வந்ததும் நிழல் பலகையின்மேல் ஏறிக்கொண்டது.

சிறு நிழல்தானே என்று தோன்றலாம். கான்கிரீட் போடுகிற நாளில் சாந்துச்சட்டியைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு வரிசையாக நிற்பவர்களில் ஒருவர் தளர்ந்தால் வரிசை முழுவதும் தளர்ந்துவிடுவதைப்போல, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த கலங்களில் ஒன்று நிழலில் அகப்பட்டால் அந்தக் கோவை முழுவதும் அதன் ஓட்டத்துக்கே அடங்கிப்போகிறது. அப்போது கெட்ட கோவையை ஒதுக்கிவிட்டு மின்சாரத்தைச் சுற்றுவழியில் செலுத்த டையோடுகளை அமைத்திருப்பார்கள். ஆனாலும் பொதுவாகப் பலகையின் மூன்றில் ஒரு பங்கு அந்நேரத்துக்கு இல்லாதது போலத்தான். நம் அட்சரேகையில் நண்பகற் சூரியனை மாதந்தோறும் துரத்திப் பிடித்தாலும் ஆண்டுச் சராசரியில் மீள்வது நூற்றுக்கு 4 அளவே. நண்பர் அந்த நாலணாவைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கையில் ரூபாய் நோட்டு காற்றில் போய்க்கொண்டிருந்தது. தொட்டியை வடக்கு மூலைக்கு மாற்றினார். துளைகளை அதன்பின் தொடவில்லை.

நாள் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காகச் சூரியனோடு கூடவே திரும்பும் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், நண்பகலுக்கு இரண்டு மணி நேரம் முன்பின்னாக 87 பங்கும், நான்கு மணி நேரம் முன்பின்னாகப் பாதியுமே படுத்த பலகைக்குக் கிட்டும். காற்றில்லாத உலகமாயின், பூமத்தியரேகையில் சமபகலிரவு நாளன்று, சூரியனைத் தொடரும் பலகை பெறுவதில் 64 சதவீதமே படுத்த பலகைக்குக் கிடைக்கும் என்று கணக்கிடலாம். ஆனால் காலையும் மாலையும் கிரணமே நலிந்து வருவதாலும், சிதறிய ஒளிக்குத் திசை கிடையாததாலும், இயந்திரம் தருகிற லாபம் நடைமுறையில் 15 முதல் 25 சதவீதத்துக்குள் நின்றுவிடுகிறது. நூற்றுக்கணக்கான ஏக்கரில் பரந்த நிலையங்களுக்கு அது கட்டுபடியாகும். மொட்டை மாடிக்கு, மோட்டாரும் உப்புக்காற்றும் துருவும் சேர்ந்து அந்த லாபத்தைத் தின்றுவிடும். கூடுதலாக ஒரு பலகையை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவது எளிது. தெற்குப் பார்க்கக் கூரையில் இடமில்லாதவர்களும் வருந்தவேண்டாம். 10 பாகைச் சாய்வில் கிழக்கோ மேற்கோ பார்த்து வைத்தாலும் இங்கே இழப்பது சில சதவீதமே.

ஆகவே சாய்வை ஒருமுறை சரியாக வைத்துவிட்டு மறந்துவிடுங்கள், மறக்கக்கூடாதது நிழல். நம் பழைய சோதிடர்கள் பன்னிரண்டு அங்குலச் சங்கு ஒன்றை நாட்டி, அதன் நிழலைக் கொண்டே அட்சரேகையையும் பருவத்தையும் கண்டார்கள். ஒரு குடைக்கம்பு இருந்தால் அந்தக் காட்சி உங்களுக்கும் கிட்டும். கன்னியாகுமரியில் இருப்பவர்கள் ஏப்ரல் 10ஆம் தேதியை ஒட்டியும், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்கள் ஏப்ரல் நடுவிலும், சென்னையில் இருப்பவர்கள் சித்திரை 11ஆம் நாள் வாக்கிலும் நண்பகலில் மாடிக்குச் சென்று கம்பைத் தூக்குநூல் பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். சென்னையில் அந்த நண்பகல் கடிகாரத்தின் 12 மணிக்கன்று, 12 மணி 7 நிமிஷத்துக்கு வருகிறது. கம்பின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிக் காணாமற்போகும் அந்தக் கணத்தில், பக்கத்தில் தரையோடு படுத்திருக்கும் எந்தப் பலகையும் சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும்.